புழுங்கல் அரிசி சொல்லும் பசியாறல் கதை

மூவார் பட்டணத்தில் பொழுது விடியும்போதே சாத்தே சுடும் புகை எழும்பிவிடும். மற்ற ஊர்களில் மாலையிலும் இரவிலும் தேடிப்போய்ச் சாப்பிடும் சாத்தேயை, மூவார்க்காரர்கள் காலையிலேயே பசியாறிவிடுகிறார்கள். மீ பண்டோங், ஒத்தா ஒத்தா, கெட்டிக் கோப்பி என மூவாரின் காலை வேளைக்கு நாடெங்கும் பெயர் உண்டு.

'பசியாறுவது' என்ற சொல் மலேசியத் தமிழரிடையே பரவலாக வழங்கும் சொல். தமிழ்நாட்டில் 'டிபன் ஆச்சா?' என்று கேட்பார்கள். இங்கே 'பசியாறிட்டீங்களா?' என்பதுதான் காலை வணக்கம். 

பசி ஆறியது சரி, பிள்ளையின் உடம்பு தேறியதா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் அது நூறு ஆண்டுக்கும் மேலாகப் பின்னோக்கி, தோட்டத்து லயங்களுக்குக் கொண்டுபோய்விடும்.

பெரட்டு மணியும் அடுப்பும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜொகூரில் ரப்பர் வேகமாகப் பரவியது. மூவார் ஆற்றங்கரையின் லானட்ரோன் தொடங்கி தங்காக் பக்கம் வரை பல தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் குடியேறின.

ரப்பர் மரத்துக்கு ஒரு குணம் உண்டு. வெயில் ஏறுவதற்கு முன், குளிர்ச்சியான வேளையில்தான் பால் நன்றாக வடியும். அதனால் இருட்டு விலகும் முன்பே பெரட்டுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். அப்பாவும் அம்மாவும் பால்வாளியோடு நிரைக்குக் கிளம்பியாக வேண்டும். கைக்குழந்தை ஆயாக் கொட்டகைக்குப் போகும். சற்றுப் பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்.

இப்படிப்பட்ட வீட்டில் காலையில் அடுப்பு மூட்டிச் சமைக்க நேரம் ஏது? முதல் நாள் இரவு வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு, கடித்துக்கொள்ள வெங்காயம் அல்லது கருவாடு, குடிக்க வரக்கோப்பி. பல வீடுகளில் அதுதான் பசியாறல்.

பிற்காலத்தில் பட்டணத்துக்கு வந்த தலைமுறை, 'பழையது' என்று சொல்லவே கூச்சப்பட்டது. அது ஏழ்மையின் அடையாளமாகத் தெரிந்தது. ஆனால் அந்தப் பானைக்குள் இருந்த அரிசி பல உயிர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

தமிழருக்கு மட்டும் ஏன் வரவில்லை?

அந்தக் காலத்து மலாயாவை ஆட்டிப்படைத்த நோய்களில் ஒன்று பெரிபெரி. கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், இதயம் பலவீனப்பட்டு ஆள் திடீரென்று இறந்துபோவதும் உண்டு. ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக இதற்குப் பலியானார்கள். இது தொற்றுநோய் என்றும், இடத்தின் கோளாறு என்றும் மருத்துவர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் ஒரு விஷயத்தைக் கவனித்தார். அதே மண், அதே மழை, அதே கொசு. ஆனால் தோட்டத்துத் தமிழர்களுக்குப் பெரிபெரி வருவது மிக அபூர்வம். கம்பத்தில் நெல்லை அவ்வப்போது குத்திச் சாப்பிடும் மலாய்க்காரர்களுக்கும் அதிகம் வருவதில்லை. வித்தியாசம் எங்கே? சோற்றில்தான். சீனத் தொழிலாளர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. பிராடன் 1907இல் இதைப் புத்தகமாகவே எழுதினார். வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று அவர் நினைத்தது தவறு. ஆனால் அவர் விரல் நீட்டிய இடம் சரியானது.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் வில்லியம் பிளெட்சர் இதைச் சோதித்துப் பார்த்தார். 1905 டிசம்பரில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு வெள்ளைப் பச்சரிசிச் சோறும் மறு பகுதிக்குப் புழுங்கல் அரிசிச் சோறும் கொடுத்தார். ஓராண்டு முடிந்தபோது வந்த முடிவு அதிர்ச்சி தரக்கூடியது. வெள்ளை அரிசி சாப்பிட்ட 120 பேரில் பலருக்குப் பெரிபெரி கண்டது, 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட 123 பேரில் ஒருவர்கூடப் பெரிபெரியால் சாகவில்லை!

அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும் காட்டுக்குள் சாலை போட்ட ஏறக்குறைய 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதே சோதனையை நடத்தினார்கள். அரிசியை மாற்றியதும் நோயும் இடம் மாறியது. குற்றவாளி இடமல்ல, அரிசிதான் என்பது உறுதியானது.

காரணம் என்ன? நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டில் இருக்கும் 'பி' வகை உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. பச்சரிசியைத் தீட்டினால் தவிட்டோடு சத்தும் போய்விடும். தயமின் என்னும் அந்தச் சத்து 1926இல் ஜாவாவில்தான் முதன்முதலில் தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது. தஞ்சாவூரிலும் ராமநாதபுரத்திலும் நெல் அவித்த பெண்களுக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது. பழக்கம் அவர்களுக்குத் தெரியும்.

இதில் பிள்ளைகளுக்கு என்ன தொடர்பு என்று கேட்கலாம். தாயின் உடம்பில் தயமின் இல்லாவிட்டால் தாய்ப்பாலிலும் இருக்காது. பால்குடிக் குழந்தைகளே பெரிபெரியால் சில மாதங்களில் இறந்துபோனதை மருத்துவ உலகம் பதிவு செய்திருக்கிறது. பெற்றவள் சாப்பிட்டதுதான் பிள்ளையின் முதல் பசியாறல்.

டின் பால் வந்த கதை

அரிசி காப்பாற்றியது. ஆனால் இன்னொரு வெள்ளைப் பொருள் வேலை நேரத்தின் சந்து வழியாக வீட்டுக்குள் நுழைந்தது. அதுதான் இனிப்பு ஊட்டிய டின் பால்.

அம்மா வேலைக்குப் போன பிறகு அழும் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது? மலாயா, சிங்கப்பூர் கடைகளில் டின் பால் மலிவாகக் கிடைத்தது. குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை. பிள்ளைக்கு ஏற்ற உணவு என்ற விளம்பரமும் சேர்ந்துகொண்டது. கொஞ்சம் வெந்நீரில் கரைத்தால் போதும், பிள்ளை குடித்துவிட்டுத் தூங்கிவிடும். ஆனால் அந்த டின்னில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி சீனி! பிள்ளை உருண்டையாகத் தெரியும், எலும்பிலும் தசையிலும் வலு இருக்காது.

இதைப் பகிரங்கமாகத் தட்டிக்கேட்டவர் ஒரு பெண் மருத்துவர். ஜமைக்காவில் பிறந்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், ஆப்பிரிக்காவில் குழந்தைகளைத் தாக்கிய குவாஷியார்க்கர் என்ற புரதக் குறை நோயை உலகுக்கு எடுத்துச் சொன்னவர். பிறகு சிங்கப்பூரில் பணியாற்றிய அவர், 1939இல் அங்குள்ள ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். தாய்ப்பாலுக்குப் பதிலாக டின் பாலைக் கொடுக்கத் தூண்டுவது குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் செயல் என்பது அவருடைய குற்றச்சாட்டு. பெரிய வியாபாரிகள் கூடும் சபையில் இப்படிப் பேச எவ்வளவு துணிச்சல் வேண்டும்! போருக்குப் பின் 1948இல், உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவராக வந்தவரும் இவரே.

டின் இன்றும் இருக்கிறது. ஆனால் இப்போது பல டின்களில் இருப்பது பாலே அல்ல. சீனியும் செம்பனை எண்ணெயும் கலந்த 'கிரீமர்'. டின்னைத் திருப்பி எழுத்தைப் படித்துப் பார்த்தால் தெரியும்.

மரவள்ளிக் காலம்

1942 ஜனவரியில் மூவார் ஆற்றங்கரையில் கடும் போர் நடந்தது. ஜப்பானியப் படை ஆற்றைக் கடந்து பட்டணத்தைப் பிடித்தது. அதன் பிறகு பர்மா அரிசி வருவது அருகிப்போனது. பங்கீட்டு அரிசியும் நாளுக்கு நாள் குறைந்தது. லயத்தின் கொல்லையில் மரவள்ளி நட்டார்கள். காலையும் மரவள்ளி, இரவும் மரவள்ளி. வயிறு நிறையும், புரதமோ உயிர்ச்சத்தோ போதாது. ஓடிப்போன பெரிபெரி திரும்பி வந்தது. ஆண்கள் பலர் சயாம் பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட, பிள்ளைகளோடு தனியாக நின்ற தாய்மார்கள் பட்ட பாடு சொல்லி முடியாதது.

பிள்ளைக்கு நல்ல உணவு தரவேண்டும் என்ற எண்ணம் அந்தத் தாய்மாருக்கு இல்லாமலா போயிற்று? கையில் கிடைத்தது அவ்வளவுதான். தாயின் அக்கறை ஒன்றே போதும் என்று சொல்பவர்கள் இந்த மூன்றரை ஆண்டுகளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பள்ளி ஏற்றுக்கொண்ட பொறுப்பு

குடும்பத்தால் முடியாதபோது பொதுவில் யாராவது கைகொடுக்க வேண்டும். சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது. காமராசர் 1956இல் அதை மாநிலத் திட்டமாக்கினார். எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். ஆனால் மதியச் சாப்பாடு வரும்வரை பிள்ளையின் வயிறு காய்ந்துகொண்டுதானே இருக்கும்? அந்தக் குறையைப் போக்க, 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடக்கிவைத்தார். முதலில் 1,545 அரசு தொடக்கப் பள்ளிகள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அது மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று வீட்டுப் பலகாரங்களே பட்டியலில் இடம்பெற்றன.

மலேசியாவிலும் இந்தப் பாதை உண்டு. வசதி குறைந்த தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான கூடுதல் உணவுத் திட்டம் 1979இல் தொடங்கியது. பள்ளிப் பால் திட்டம் 1983இல் வந்தது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளும் இவற்றால் பலன் பெற்றார்கள். காலையில் வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது அனுபவமுள்ள எந்த ஆசிரியருக்கும் தெரிந்த உண்மை.

இன்றைய மேசை

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. மூவார் இன்று மரத்தளவாடத் தொழிலுக்குப் பெயர்போன ஊர். பெரட்டு மணி போய், தொழிற்சாலை வேனின் ஹாரன் வந்திருக்கிறது. அம்மா அப்பா இருவரும் வேலைக்கு, பிள்ளை ஏழரைக்கெல்லாம் பள்ளியில். நேரம் இல்லை என்ற பழைய சிக்கல் அப்படியே இருக்கிறது. அன்று டின் பால் நுழைந்த அதே சந்து வழியாக இன்று இனிப்புத் தூள் பானமும், கிரீம் பிஸ்கட்டும், தினந்தோறும் ரொட்டிச் சானாயும் நுழைகின்றன.

பலன்? 2022ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 21.2 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஐந்தில் ஒரு குழந்தை! இது பட்டினி கிடக்கும் நாடு அல்ல. வயிறு நிறைந்தும் வளர்ச்சி குன்றலாம் என்பதைத்தான் இந்தக் கணக்கு காட்டுகிறது.

அப்படியானால் பழைய சோற்றுக்கே திரும்பிவிடலாமா? அதுவும் முழு விடை அல்ல. தோட்டத்துப் பிள்ளைகள் இரத்தச் சோகையாலும் குடற்புழுவாலும் வாடியதை மறந்துவிடக்கூடாது. வெறும் சோற்றில் புரதம் போதாது. ஆனால் பாட்டிமார் பழக்கத்தில் எதை வைத்துக்கொள்வது, எதைச் சேர்ப்பது என்று தெரிந்துகொள்ளலாம்.

புழுங்கல் அரிசியும் உளுந்தும் சேர்த்து அரைத்த மாவு இரவே புளித்துவிடும், காலையில் இட்லிக்குப் பதினைந்து நிமிடம் போதும். தானியங்களிலேயே சுண்ணாம்புச் சத்து மிகுந்தது கேழ்வரகு. அதைக் கூழாகக் காய்ச்சினால் சின்னப் பிள்ளைக்கும் இறங்கும். ஓர் அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம், ஒரு பிடி அவித்த கடலை என்று இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் தட்டு நிறைந்துவிடும். நாசி லெமாக் சாப்பிடும் நாளில் முட்டையும் வெள்ளரியும் கூட, சாந்தான் சோறு குறையட்டும். சாத்தேக்கும் தடையில்லை, வாரம் ஒரு நாள் குடும்பமாகப் போய்ச் சாப்பிடட்டும்.

இன்னொன்றும் உண்டு. மாவு அரைப்பதும் முட்டை அவிப்பதும் அம்மாவின் தலையில் மட்டுமே விழுந்தால், அந்த வீட்டில் கடையில் வாங்கும் பொட்டலமே கடைசியில் வெல்லும். அன்று நிரையில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்தே பால் வெட்டினார்கள். இன்று அடுப்படியிலும் அப்பா ஒரு கை கொடுத்தால், பத்து நிமிடம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பசியாற முடியும். அப்பா சாப்பிடுவதைப் பார்த்துத்தான் பிள்ளையும் சாப்பிடும்.

பிளெட்சர் தன் நோயாளிகளிடம், சாப்பிட்டாயா என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், எந்த அரிசியைச் சாப்பிட்டாய் என்று பார்த்தார். நாடே குழம்பிய நோய்க்கு அதில்தான் விடை கிடைத்தது. 'பசியாறிட்டியா?' என்று பிள்ளையிடம் கேட்கும் வழக்கம் எந்தத் தமிழ் வீட்டிலும் குறையவில்லை. கூடவே 'என்ன பசியாறினே?' என்றும் கேட்டுவிட்டு, பதிலைக் காது கொடுத்துக் கேட்டால் போதும். நாளைக் காலை என்ன வைக்க வேண்டும் என்பது அந்த வீட்டுக்கே தெரிந்துவிடும்.