கிண்டியில் சிவில் படித்தவர்



போன ஞாயிறு மயிலாப்பூர் வீட்டுக்கு என் அண்ணன் பேத்தி வந்திருந்தாள். கவுன்சலிங்கில் கிண்டி கிடைத்திருக்கிறது, ஆனால் சிவில். அவளுக்கோ ரோபோவுக்குக் கண் கொடுக்கும் ஆராய்ச்சியில் ஆசை. "சிவில் எடுத்தா ரோபோ பக்கமே போக முடியாது" என்று சொல்லி, ஊர் நிலத்தை விற்றாவது வேறு கல்லூரியில் கம்ப்யூட்டர் சேர்க்கப் பேசுகிறார்களாம். குழந்தை முகம் வாடியிருந்தது. அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

1937-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில், காட்டூர் கிராமத்தில் பிறந்தவர் ராஜ் ரெட்டி. 1958-இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் பி.இ. முடித்தார். படித்தது சிவில்தான். ஆஸ்திரேலியாவில் மேற்படிப்பும் வேலையும். பிறகு அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில், ஜான் மெக்கார்த்தியிடம் ஆராய்ச்சி மாணவர். மனிதப் பேச்சைக் கணினிக்குப் புரிய வைப்பது அவர் ஆய்வு. 1966-இல் முனைவர் பட்டம்.

1968-இல் மெக்கார்த்தியும் அவரும் வேறு இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். கையும் கண்ணும் காதும் உள்ள கணினி என்பதே அதன் தலைப்பு. கேமரா கட்டைகளைப் பார்க்கும். இயந்திரக் கை எடுத்து அடுக்கும். வாய்மொழிக் கட்டளையைக் காது கேட்கும். அந்தக் காதுதான் ரெட்டியின் துறை. 1979-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரோபோ ஆய்வு நிலையம் தொடங்கியபோது முதல் இயக்குநர் அவரே. 1994-இல் ஃபைகன்பாமுடன் டூரிங் விருது.

சிவிலுக்கும் ரோபோவின் கண்ணுக்கும் என்ன உறவு? கிண்டிக் கல்லூரியே 1794-இல் நில அளவைப் பள்ளியாகப் பிறந்தது. பக்கத்துப் பரங்கிமலை அருகே 1802-இல் லாம்டன் ஓர் ஆதாரக் கோட்டை அளந்தார். கோட்டின் நீளம் தெரிந்தால் போதும். இரு முனைகளிலும் நின்று தூரத்துக் குன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால், அங்கே போகாமலே தூரம் கிடைக்கும். இரண்டு கேமரா வைத்த ரோபோவும் இதைத்தான் செய்கிறது. கேமராக்களின் இடைவெளிதான் ஆதாரக் கோடு. ஒரே புள்ளி இரு படங்களிலும் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். மீதியெல்லாம் நம் முக்கோணக் கணக்கு.

அண்ணா, நிலத்தை விற்க வேண்டாம். அவள் கிண்டியிலேயே சேரட்டும். கூடவே கணக்கையும் புரோகிராமிங்கையும் விடாமல் படிக்கட்டும்.

வகுப்பில் நானும் சிலரிடம் "உனக்கு இது வராது" என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், உங்கள் டீச்சரை மன்னித்துவிடுங்கள்.