வாசலில் நின்றவர்கள் வைத்த கணக்கு

வானியலின் வரலாற்றைத் தொலைநோக்கிகளின் வரலாறாகவே எழுதிப் பழகிவிட்டோம். கலிலியோவின் குழல், ஹெர்ஷலின் ஆடி, விண்ணில் சுற்றும் ஹபிள் என்று கருவி வளர வளர அறிவு வளர்ந்ததாகக் கதை போகிறது. வீட்டுக் கொல்லையிலும் மொட்டை மாடியிலும் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அதில் பொழுதுபோக்காளர் என்ற பெயர்தான் மிஞ்சுகிறது. ஒளி கூடியும் குறைந்தும் மாறுகிற விண்மீன்களைப் பற்றிய துறையை மட்டும் எடுத்துக்கொண்டால் இந்த மதிப்பீடு நிற்காது. அத்துறையைத் தொடங்கிவைத்ததும் நெடுங்காலம் தாங்கிப் பிடித்ததும் பெரும்பாலும் சொந்த வீட்டிலிருந்து வானம் பார்த்தவர்களே. திமிங்கல மண்டலத்து மீரா மங்கி மறைவதை 1596-இல் கவனித்த டேவிட் ஃபாப்ரிசியஸ் ஒரு பாதிரியார். அப்போது தொலைநோக்கியே கிடையாது.

இங்கிலாந்தின் யார்க் நகரில், காது கேளாத பதினெட்டு வயது ஜான் குட்ரிக் 1782-இல் அல்கோல் விண்மீனை இரவுதோறும் பார்த்து வந்தார். அவர் செய்தது எளிய வேலை. பக்கத்திலுள்ள, ஒளி மாறாத விண்மீன்களோடு ஒப்பிட்டு, எதைவிட மங்கல், எதைவிடப் பிரகாசம் என்று நேரத்தோடு குறித்துவைத்தார். திருத்திய கணக்கில் அல்கோலின் ஒளி மாறும் சுழற்சி 2 நாள் 20 மணி 49 நிமிடம் என்று வந்தது. இன்றைய அளவும் அதிலிருந்து ஒரு நிமிடம்கூட விலகவில்லை. ஏதோ ஒரு பொருள் சுற்றிவந்து அல்கோலை மறைக்கலாம் என்ற அவருடைய ஊகம் 1889-இல் நிறமாலை ஆய்வால் உறுதிப்பட்டது. 1784-இல் அவர் கண்டறிந்த டெல்டா செஃபி ஒரு விண்மீன் வகைக்கே பெயர் கொடுத்தது. அந்த வகையின் ஒளிக்கும் அது கூடிக் குறையும் காலத்துக்கும் உள்ள உறவை 1912-இல் ஹென்ரியட்டா லெவிட் வெளியிட்டார். ஆண்ட்ரோமீடா நம் பால்வழிக்கு வெளியே உள்ள தனி விண்மீன் திரள் என்று வானியலாளர் ஹபிள் நிறுவியது அந்த உறவை அளவுகோலாகக் கொண்டுதான். குட்ரிக் இறந்தபோது வயது 21.

வேலைவெட்டி தேவைப்படாத செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் முடியும் என்று ஒருவர் சொல்லலாம். குட்ரிக் விஷயத்தில் அது உண்மைதான். ஆனால் வங்காளத்தின் ஜெசோரில் இருந்த ராதாகோபிந்த சந்திரா கருவூலத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். நுழைவுத் தேர்வில் தேறாதவர். 1910-இல் ஹேலி வால்மீனைச் சிறு இருகண் நோக்கியால் பார்த்து, பிறகு 3 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். 1918 ஜூனில், திருவோணத்தை உள்ளடக்கிய கழுகு மண்டலத்தில், தன் வரைபடத்தில் இல்லாத ஒரு விண்மீன் சுடர்வதைக் கண்டார். அது நோவா, அதாவது திடீரென ஒளி பெருகிய விண்மீன். அதே நாட்களில் வேறு பலரும் அதைத் தனித்தனியே கண்டதால் இதைச் சாதனையாகக் கொள்ளலாமா என்பாரும் உண்டு. எனக்கு அந்த வாதம் முக்கியமாகப் படவில்லை. புதிதாக ஒன்று வந்திருப்பதை அறிய, அங்கே முன்பு என்ன இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பரிச்சயம் சும்மா பார்த்துக்கொண்டிருந்த இரவுகளில் சேர்வது. அதன்பின் 1920 முதல் 1954 வரை அமெரிக்க மாறும் விண்மீன் நோக்கர் சங்கத்துக்கு அவர் அனுப்பிய அளவீடுகள் 37,000-க்கும் மேல். அமெரிக்காவில் பகலாக இருக்கும்போது ஜெசோரில் இரவு. அங்குள்ளவர்கள் பார்க்க முடியாத நேரங்களை அவர் நிரப்பினார். சங்கம் 1926-இல் அவருக்கு அனுப்பிய 6 அங்குலத் தொலைநோக்கி, பின்னாளில் வானியலாளர் வேணு பாப்பு வழியாக நம் காவலூர் வானாய்வகத்துக்கு வந்து சேர்ந்தது.

கண்ணால் போடும் மதிப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும், அதை எப்படி நம்புவது என்பது வலுவான ஆட்சேபம். தனி ஒருவரின் மதிப்பில் பிழை இருக்கத்தான் செய்யும். ஆனால் ஒரே விண்மீனைப் பல ஊர்களிலிருந்து பலர் பார்த்துச் சொன்னவற்றைச் சேர்த்து வரைந்தால், பிழைகள் பெருமளவு ஒன்றையொன்று ஈடுகட்டி, ஒளியின் போக்கு தெளிவாகிவிடுகிறது. தானியங்கிக் கருவிகள் இரவு முழுக்க வானத்தைப் படமெடுக்கும் இந்தக் காலத்தில் இனி வெறுங்கண் எதற்கு என்பது அடுத்த கேள்வி. மங்கிய விண்மீன்களைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி நியாயமானது. மிகப் பிரகாசமானவற்றில் நிலைமை வேறு: அவற்றின் ஒளி, மங்கலானவற்றுக்காக அமைத்த உணரியை நிரப்பி வழிந்துவிடும், அளவு கெடும். 2020 பிப்ரவரியில் திருவாதிரை விண்மீன் ரோகிணியைவிட மங்கியபோது, அந்த மாற்றத்தைப் பார்க்க எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. மார்கழி இரவில் திருவாதிரையையும் ரோகிணியையும் ஒப்பிட்டு, எது பிரகாசம் என்று தேதியும் மணியும் போட்டு எழுதிவையுங்கள். சந்திரா எழுதி அனுப்பிய அதே அமெரிக்கச் சங்கம் இன்றும் அத்தகைய குறிப்புகளைப் பெற்றுக்கொள்கிறது.