கரியாகும் முன்: காப்பிக்கொட்டை வறுத்தலும் கருவித் தேர்வும்

காப்பிக்கொட்டையை வீட்டிலேயே வறுத்துக்கொள்ள விழைவோர் எந்தக் கருவியை வாங்குவது என்று வினவினால், விற்பனையாளர் விலையையும் கொள்ளளவையும் எடுத்துரைப்பர். நாம் சற்றே பின்னோக்கிச் சென்று வரலாற்றைத் துணைக்கழைக்க விரும்புகிறோம். கொட்டையை எந்த அளவுக்கு நெருப்பில் விடலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது அடுக்களை வினா மட்டுமன்று. நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே மார்க்க அறிஞர்களின் அவையில் எழுந்து தீர்ப்பும் பெற்ற வினா.

காப்பி அருந்தும் வழக்கம் யமன் நாட்டு ஸூஃபிகளிடையே கி.பி. 15ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. இது குறித்து 1558ஐ ஒட்டி நூல் எழுதிய அப்துல் காதிர் அல்ஜஸீரி, ஏடனைச் சேர்ந்த அறிஞர் தப்ஹானீயின் பெயரை இவ்வழக்கத்தோடு இணைத்துக் கூறுகிறார். மொக்கா நகரத்து மரபோ இப்பெருமையை அலீ இப்னு உமர் அஷ்ஷாதுலீ அவர்களுக்கு உரியதாக்குகிறது. காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் ஷாதுலிய்யா தரீக்காவைப் பின்பற்றுவோர்க்கு இப்பெயர் அயலானதன்று. கெய்ரோவில் அல்அஸ்ஹரின் யமன் பகுதியில் திங்கள், வெள்ளி இரவுகளில் கூடிய திக்ரு ஹல்காக்களில், செம்மண் கலத்திலிருந்து ஷெய்கு முகந்து கொடுக்க, வலப்புறமாகக் கஹ்வா சுற்றி வந்ததாக அல்ஜஸீரி பதிந்துள்ளார். பழத்தின் தோலைக் காய்ச்சிய கிஷ்ரும் கொட்டையைக் கொண்டு ஆக்கிய பானமும் அக்காலத்தில் ஒருங்கே வழங்கின. வறுத்தலின் கதை இவ்விரண்டாவதற்கே உரியது.

1511இல் மக்காவில் கைர் பேக் என்னும் அதிகாரி காப்பியைத் தடை செய்ததைப் பலரும் அறிவர். அது பெரிதும் கூட்டங்களைப் பற்றிய அச்சம். நம் பொருளுக்கு நெருக்கமானது இஸ்தான்புல்லில் எழுந்த வழக்கே. ஹிஜ்ரி 962இல் (கி.பி. 1554-55) ஹலப், திமிஷ்க் நகரங்களிலிருந்து வந்த இருவர் அங்கே காப்பிக் கடை திறந்தனர் என வரலாற்றாசிரியர் பெச்சவீ எழுதுகிறார். கரியாகும் அளவுக்குச் சுடப்பட்ட பொருளை உட்கொள்ளல் ஆகாது என்று முஃப்திகள் சிலர் ஃபத்வா அளித்தனர். 1656இல் நூலியற்றிய காத்திப் செலபியும் இதனைக் குறிப்பிடுகிறார். பின்னர் வந்தோர், முறையாக வறுத்த கொட்டை கரியின் நிலையை எய்துவதில்லை என்று கண்டு தடையை நீக்கினர். போதை பற்றிய விவாதம் தனியே நடந்தது. இங்கு வழக்கு நெருப்பின் அளவைப் பற்றியது. நிறத்துக்கும் கரிக்கும் இடையே எல்லை வகுத்த அவ்வறிஞர்களைக் காட்டிலும் கூர்மையாக வறுத்தலைச் சிந்தித்தோர் அக்காலத்தில் வேறு எவரும் இருந்திருப்பர் என்று நமக்குத் தோன்றவில்லை.

அவ்வெல்லையைக் காக்க அரபுப் பாலைநிலத்தார் வைத்திருந்த கருவி மிக எளியது. மிஹ்மாஸ் எனப்படும் நீண்ட காம்புடைய இரும்புச் சட்டி. அதனோடு பிணைத்த ஒரு கிளறுகோல். வறுத்ததை உடனே கொட்டி ஆற்றுவதற்கு மரத்தட்டு. விருந்தினர் பார்த்திருக்கவே கொட்டை வறுக்கப்பட்டது. இவ்வரபுக் காப்பி மரபை 2015இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மொக்காவுக்கும் நம் கடற்கரைக்கும் உள்ள உறவு தொன்மையானது. பாபா புதன் என்னும் இறைநேசர் ஹஜ்ஜை முடித்துத் திரும்புகையில் ஏழு கொட்டைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் நட்டார் என்பது 17ஆம் நூற்றாண்டைச் சுட்டும் மரபுச் செய்தி. பிரெஞ்சுக்காரர் 1715இல் மொக்காவிலிருந்து செடிகளைப் பூர்போன் தீவுக்கு, அதாவது இன்றைய ரெயூனியனுக்கு, கொண்டு சென்றனர். அங்கே அடிமைகளின் உழைப்பில் தோட்டங்கள் எழுந்தன. மொக்காவில் அவர்கள் நடத்திய வணிகமோ புதுவையோடு பிணைந்திருந்தது. துய்மா புதுவையின் ஆளுநராக இருந்த காலத்தில், 1737இல், வரியும் நிலுவைக் கடனும் குறித்த பூசலில் பிரெஞ்சுக் கப்பல்கள் மொக்காத் துறையின் மீது குண்டு பொழிந்தன. திக்ரு மஜ்லிஸில் சுற்றி வந்த ஒரு பானத்துக்காகப் பீரங்கி முழங்கியது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். புதுவைக்கு அன்று இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட, சலங்குகளே சரக்கை அலை கடத்திக் கரை சேர்த்தன. நகரின் வடபால் மீனவர் வாழும் குருசுக்குப்பம் இக்கரையில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டிலோ காப்பி வேறொரு முகம் கொண்டது. ஆ. இரா. வேங்கடாசலபதி தம் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் (2000), அது நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பிராமணரின், அடையாளமாக ஆனதையும், தேநீர் உழைப்பாளரின் பானமாக நின்றதையும் விரித்துரைத்துள்ளார். அதனாலேயே காப்பியை அயலார் வீட்டுப் பொருளாகக் கருதும் மனநிலை நம்மவரிடையேயும் உண்டு. அக்கால வீடுகளில் பச்சைக் கொட்டை வாங்கி, கரியடுப்பின் மேல் கைப்பிடியால் சுழற்றும் இரும்பு உருளையில் வறுத்து, கையரைவையில் பொடித்தனர். பின்னர் தெருமுனைக் கடை வறுத்து அரைத்துத் தர, உருளை பரணுக்கு ஏறியது. அமெரிக்காவில் இம்மாற்றம் முன்னரே நிகழ்ந்தது: 1864இல் ஜேபஸ் பர்ன்ஸ், நெருப்பிலிருந்து எடுக்காமலே கொட்டையைத் தானே வெளியே தள்ளும் உருளைக்குக் காப்புரிமை பெற்றார், அத்தகைய பொறியைக் கொண்டு ஆர்பக்கிள் சகோதரர் வறுத்த காப்பியைப் பொட்டலமிட்டு விற்றனர். வறுக்கும் கலை வீட்டை விட்டு நீங்கியது.

இன்று வீட்டுக்கென விற்கப்படுபவை பழைய மூன்று வழிகளின் வழித்தோன்றல்களே. கிளறுகோல் பொருத்திய சட்டி, சுழலும் உருளை, சூடான காற்றால் கொட்டையை எழுப்பி வறுக்கும் கலம். மூன்றாவதை 1970களில் அமெரிக்கப் பொறியாளர் மைக்கேல் சிவெட்ஸ் செம்மைப்படுத்தினார். எவ்வழியாயினும் கொட்டைக்குள் நிகழ்வது ஒன்றே. ஏறத்தாழ 196 பாகையில் (செல்சியஸ்) முதல் வெடிப்பு கேட்கும். 224 பாகையை ஒட்டி இரண்டாம் வெடிப்பு, மெல்லிய நொறுங்கல் போல. அதற்கப்பால் எண்ணெய் கசியும், புகை மிகும், கரி தொடங்கும். முஃப்திகள் தேடிய எல்லை இதற்குள்தான் இருக்கிறது. ஆகவே கருவியைத் தேர்வோர் முதலில் கேட்க வேண்டியது, இவ்வெடிப்பு காதில் விழுமா, கொட்டையின் நிறம் கண்ணுக்குத் தெரியுமா, வேண்டிய கணத்தில் நிறுத்த முடியுமா என்பதே. தானியங்கி ஏற்பாடுகள் பலவுடைய பொறியொன்று இம்மூன்றுக்கும் இடந்தராவிடில் அதனை நாம் பரிந்துரையோம்.

காற்றுவழிக் கருவி விரைவானது. சிறு அளவை ஏறத்தாழ 10 நிமிடத்துக்குள் முடித்துவிடும்; உமியைத் தானே பிரிக்கும். ஆனால் விசிறியின் இரைச்சலில் வெடிப்பு அமிழ்ந்துபோகலாம். மின்னழுத்தம் தாழ்ந்தால் வெப்பமும் தாழும். உருளை மெல்ல வறுக்கும், கூடுதல் கொட்டை கொள்ளும்; புகையும் மிகும். குருசுக்குப்பம் போல வீடுகள் நெருங்கிய தெருவில் அடுத்த வீட்டாரின் உரிமையையும் எண்ண வேண்டும். ஆழ வறுக்க விரும்புவோர் மாடியை நாடுவதே முறை. உப்புக் காற்றில் இரும்பு எளிதில் துருப்பிடிக்கும் என்பதால் துருப்பிடியா எஃகு உருளை கூடுதல் விலைக்குத் தகும். பச்சைக் கொட்டையில் 10 முதல் 12 விழுக்காடு ஈரமே தக்கது. கடலோர ஈரம் அதனைக் கூட்டிவிடுமாதலால் மூட்டையாக வாங்கி வைப்பது வீண். வறுக்கையில் எடை 15 விழுக்காட்டுக்கு மேலும் குறையலாம் என்பதையும் கணக்கில் கொள்க.

விலை குறைந்த கருவிகள் பலவற்றில் ஆற்றும் தட்டு இராது. அதனால் குறையில்லை; ஆனால் அடுப்பை அணைத்த பின்னும் கொட்டை தன் சூட்டில் வறுபட்டுக்கொண்டே இருக்குமாதலால் ஓரிரு நிமிடமும் தாமதிக்கலாகாது. பாலைநிலத்தார் மரத்தட்டில் கொட்டியதை நாம் முறத்தில் கொட்டிக் கடற்காற்றில் புடைத்தால், சூடும் தணியும். எஞ்சிய உமியும் பறந்துவிடும்.