யாழ்ப்பாணப் பாசியும் இல்லத்து அச்சுப் பாளமும்

அச்சு என்றவுடன் இரும்பு யந்திரமும் ஈய எழுத்துக்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. 1834ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனார் மானிப்பாயில் நிறுவிய அச்சுக்கூடமும், 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் நிறுவிய யந்திரசாலையும் அவ்வகையின. ஆயினும் யந்திரம் வேண்டாத அச்சும் ஒன்றுண்டு. தட்டிலே வார்த்து உறையவைத்த ஜெலிப் பாளத்தின்மீது மையைப் பரப்பி, அதன்மேல் ஓர் இலையை வைத்துக் காகிதத்தால் ஒற்றி எடுத்தால், இலையின் வடிவம் காகிதத்திலே பதிந்துவிடும். இலையை அகற்றி மீண்டும் ஒற்றினால் அதன் நரம்புகள் யாவும் தெளிவுறத் தோன்றும். நெடுந்தீவின் பெருக்கமரத்து இலையும், முற்றத்துப் பூவரசிலையும் இவ்வச்சுக்கு ஏற்றனவே.

இதற்கு முன்னோடியான முறை 1869ஆம் ஆண்டளவில் ருசிய நாட்டு அலிசோவ் என்பவரால் வகுக்கப்பட்டது. ஜெலற்றினையும் கிளிசரினையும் கலந்து பாளம் வார்த்து, அனிலீன் மையால் எழுதிய தாளை அதன்மேல் ஒற்றுவர். எழுத்துத் தலைமாறிப் பாளத்தில் இறங்கும். பின் வைக்கும் வெற்றுத் தாள்களில் நேராக ஏறும். நூறு படிகள் தருவது என்ற கருத்தில் அதற்கு 'ஹெக்டோகிராப்' எனப் பெயரிட்டனர். நடைமுறையிற் கிடைத்தவை பெரும்பாலும் அதனிற் குறைவே. எனினும் அச்சுக்கூடம் இல்லாத பள்ளிகளுக்கும் சிறு சங்கங்களுக்கும் அது பேருதவி புரிந்தது. பிற்காலத்து ஓவியர்கள் அதே பாளத்தைச் சித்திர அச்சுக்குப் பயன்படுத்தலாயினர்.

ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய தீவகப் பகுதிகளில் வாழ்வோர் இக்கலையை இல்லத்திற் பயில முற்பட்டால் இரண்டு இடர்கள் எதிர்ப்படும். ஜெலற்றின் ஏறத்தாழ 30 பாகை முதல் 35 பாகை செல்சியசு வெப்பத்திலேயே இளகிவிடும். சித்திரை, வைகாசி மாதங்களின் நண்பகலில் அப்பாளம் உருவிழக்கும். இஃது ஒன்று. ஜெலற்றின் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சி எடுக்கப்படுவது. சைவ உணவு உண்ணும் இல்லத்தார் அதனை அடுப்பில் ஏற்ற விரும்பார். இது மற்றொன்று.

இவ்விரண்டுக்கும் மருந்து கடலிலே உளது. புளூக்கிகர், ஹான்பரி என்னும் இருவர் 1874இல் இலண்டனில் வெளியிட்ட மருந்துப்பொருள் நூலில், 'இலங்கைப் பாசி' எனவும் 'யாழ்ப்பாணப் பாசி' எனவும் பெயர் பெற்ற ஒரு கடற்பாசி இடம்பெற்றுள்ளது. தாவரவியலார் கிரசிலேரியா என்பதும், பாக்குநீரிணையின் மறுகரையில் கஞ்சிப் பாசி என்பதும் இவ்வினமே. 1830களில் கல்கத்தாவில் இருந்த டொக்டர் ஓஷோநெசி இதனைப் பகுத்தாராய்ந்து, இதன் நிறையிற் பாதிக்கு மேல் தாவர ஜெலியே என்று கண்டார். புத்தளம் களப்பில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலையால் பெயர்ந்த பாசியைத் திரட்டி, பாயிலே உலர்த்தி, நன்னீரிற் பலமுறை கழுவி, வெயிலில் வெளுக்கவைத்து ஏற்றுமதி செய்தனர். நம் நாட்டு அறிஞர் துரைரத்தினம் 1961இல் வெளியிட்ட நூலில் இலங்கைக் கடற்பாசிகளைத் தொகுத்து விளக்கியுள்ளார்.

இத்தகைய பாசிகளைக் காய்ச்சிப் பெறும் ஜெலியே அகர் என்பது. நோன்புக் காலத்தில் முஸ்லிம் இல்லங்களிற் செய்யும் கடற்பாசி இனிப்பும் அதுவே. அதன் அருமையை விஞ்ஞான உலகுக்கு உணர்த்தியதும் ஓர் அடுக்களையே. 1881இல் பேர்லின் நகரில் ரோபேட் கொக் என்பாரின் ஆய்வுகூடத்தில், கிருமி வளர்க்கும் ஜெலற்றின் கோடையில் உருகிப்போயிற்று. அங்கு பணியாற்றிய ஹெஸ்ஸேயின் மனைவி பேனி அம்மையார், சாவகத்தில் வாழ்ந்து வந்த அயலாரிடம் தாம் அறிந்திருந்த அகரைப் பயன்படுத்துமாறு கூறினார். மறு ஆண்டில் கொக் தமது கட்டுரையில் அகரைக் குறிப்பிட்டார். அம்மையாரின் பெயரைக் குறிப்பிட்டாரில்லை.

பேர்லினின் கோடைக்கு உதவிய பொருள் தீவகத்தின் கோடைக்கும் உதவும். அகர் ஒருமுறை உறைந்தபின் 85 பாகையளவிலேயே மீண்டும் உருகும். ஆயின் அதற்கும் குறைகள் உண்டு. ஜெலற்றின்போல் இழுபட்டு வளையாது, விளிம்பிலே முறியும், நாளடைவில் நீர் கசியும். ஆகவே, அளவுகளை மாற்றி மாற்றிப் பரீட்சித்தல் வேண்டும். ஆய்வுகூடங்களில் நூறு பங்கு நீருக்கு ஒன்றரைப் பங்கு அகர் இடுவர். அச்சுப் பாளத்துக்கு இரண்டு, மூன்று பங்கு எனச் சிறு தட்டுகளில் வார்த்து ஒப்பிடலாம். நீரின் ஒரு பகுதிக்குப் பதிலாகத் தாவர எண்ணெயிற் பெற்ற கிளிசரினைச் சேர்த்தால் பாளம் விரைவில் உலராது. நீர்த்த மை வழிந்தோடும். கெட்டியான மையை மெல்லியதாகப் பரப்புதலே நன்று. முறிந்த பாளத்தை மீண்டும் காய்ச்சி வார்க்கலாம். மை பட்ட பாத்திரத்தைச் சமையலுக்கு எடுத்தலாகாது.

பாசியையே நேராகக் காய்ச்சுவோர், கரையில் ஒதுங்கியதை மட்டும் எடுத்தல் வேண்டும். மீன்குஞ்சுகளுக்குப் புகலிடமான உயிர்ப்பாசியைப் பறித்தல் தகாது. அவ்வாறு காய்ச்சிய ஜெலி கடையில் வாங்கும் அகரைப்போல் உறுதியாக இராது. ஆலைகளில் முதலிற் காரமிட்டுப் பதப்படுத்துவதாலேயே அவ்வுறுதி வருகின்றது. அக்காரம் தோலையும் கண்ணையும் பொசுக்குவதாதலின், அம்முறை வீட்டுக்கு உரியதன்று. வடிகட்டிய ஜெலியை மேலும் வற்றவைத்துக் கெட்டியாக்குவதே இல்லத்தார்க்கு இசைந்த வழி.

யாழ்ப்பாணத்தின் பெயரை இலண்டன் மருந்து நூல் வரை கொண்டுசென்ற ஒரு பொருளை, யாழ்ப்பாணத்துச் சிறுவர் பலர் இன்று பெயரளவிலும் அறியார். தகர வாளியொன்றும் மெல்லிய சீலைத்துண்டும் அடுப்பும் இருந்தால், அப்பாசியின் இயல்பைத் தம் கையாலேயே அவர்கள் அறிந்துகொள்ளலாம். பாளத்தில் ஒற்றியெடுத்த முதல் இலையே அவர்களுக்கு அதன் வரலாற்றையும் கூறிவிடும்.