அட்டைப்படம் யார் கையில்?

பூகோளப் புத்தகத்துக்குள் காமிக்ஸ் வைத்துப் படித்தவர்கள் உங்களில் பலர் உண்டு. பெயர் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்! இன்று அந்தப் புத்தகங்களின் அட்டையைப் பற்றி எழுதுகிறேன்.

1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் பிறந்தது. முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. 1962இல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வார இதழில் தோன்றியவன் அவன். கதை அங்கிருந்து வந்தது. அட்டையை மட்டும் பெரும்பாலும் நம் ஊர் ஓவியர்களே புதிதாக வரைந்தார்கள். ஓவியர் மாலையப்பனின் தூரிகையைப் பழைய வாசகர்கள் இன்றும் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள்.

அந்த நிறங்கள் ஏன் அப்படிக் கண்ணைப் பறித்தன? சிவகாசி அச்சுத்தொழில் வளர்ந்ததே தீப்பெட்டி லேபிளிலும் பட்டாசு லேபிளிலும்தான். கடையில் தொங்கும் பொருள் தெருவில் போகிறவனை இழுக்க வேண்டும் என்பது அந்த ஊருக்கு ரத்தத்திலேயே ஊறியது. எங்கள் சிந்தாதிரிப்பேட்டைப் பிள்ளைகள் கூவத்தைத் தாண்டி மூர் மார்க்கெட்டுக்குப் போய்ப் பழைய பிரதி தேடுவார்கள். அட்டை கிழிந்திருந்தால் விலை பேசிக் குறைப்பார்கள். 1985 மே மாதத் தீயில் அந்தச் சந்தையே போயிற்று.

வாசகர் கருத்தைக் கேட்பது புதிய வழக்கமல்ல. 1947இல் தொடங்கிய அம்புலிமாமா இரண்டு புகைப்படங்களைப் போட்டு, பொருத்தமான வாசகம் எழுதச் சொல்லிப் பரிசு கொடுத்தது. இங்கிலாந்து வார இதழ்களில் ஒரு கூப்பன் இருக்கும். பிடித்த மூன்று கதைகளை வரிசைப்படுத்தி அனுப்ப வேண்டும். கடைசியில் வரும் கதைக்கு மூடுவிழாதான். விற்பனை சரிந்தால் இதழையே இன்னொன்றோடு இணைத்துவிடுவார்கள். 'வேலியன்ட்'டும் 1976இல் 'பேட்டில்' என்ற இதழோடு அப்படித்தான் கலந்தது.

1984இல் முத்து காமிக்ஸ் நிறுவனர் சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன், இருபது வயதுகூட நிரம்பாத பிள்ளை, லயன் காமிக்ஸைத் தொடங்கினார். வாசகர் கடிதங்களோடு வளர்ந்த இதழ் அது. 15 காசு அஞ்சலட்டையில் பையன்கள் திட்டியும் எழுதுவார்கள், கொஞ்சியும் எழுதுவார்கள். ஆனால் அந்தக் கடிதம் சிவகாசி போய்ச் சேரும்போது அட்டை ஏற்கெனவே கடையில் தொங்கிக்கொண்டிருக்கும்.

இப்போது வரிசை மாறிவிட்டது. வரப்போகும் அட்டையை ஆசிரியர் இணையத்தில் முன்கூட்டியே காட்டுகிறார். எழுத்து சிறிது, பின்னணி இருட்டு, நாயகன் முகம் சரியில்லை என்று அச்சுக்கு முன்பே சொல்ல வாசகருக்கு வழி கிடைத்திருக்கிறது.

நல்ல மாற்றம்தான். எனக்கு ஒரே ஒரு உறுத்தல். இன்று கருத்துச் சொல்லும் கூட்டத்தில் பெரும்பாலும் யார்? அன்று அஞ்சலட்டை போட்ட அதே பையன்கள், தலை நரைத்துவிட்டது. அவர்களுக்கு மாலையப்பன் அட்டைதான் அட்டை. பத்து வயதுப் பேத்தி அந்த உரையாடலிலேயே இல்லை. அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை. அந்தக் காலத்துக் கூப்பனிலாவது வயதுக்கு ஒரு கட்டம் போட்டுப் பிள்ளைகளையே எழுதவைத்தார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். வீட்டில் புதிய இதழ் ஒன்றும் பழையது ஒன்றும் இருந்தால், இரண்டையும் பிள்ளைகள் முன் வையுங்கள். எதைக் கையில் எடுக்கிறார்கள், ஏன் என்று கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே கீழே எழுதுங்கள். நீங்கள் திருத்த வேண்டாம். சந்திப்பிழையை நான் பார்த்துக்கொள்கிறேன்.