ஜில்வாவில் பேசும் 'நான்' யார்?

ஆன்டன் லாவே எழுதிய சாத்தானிய பைபிள் (1969) பத்தி நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. 1972ல் அவர் போட்ட சடங்குப் புத்தகம் அவ்வளவு பிரபலம் இல்லை. அதில் ஷைத்தான் சொன்னதுன்னு தலைப்பு போட்டு ஒரு பகுதி வருது. உள்ளே இருப்பது 'கிதாப் அல்-ஜில்வா'. வட இராக்கில் வாழும் யஸீதி மக்களின் வேதம்னு வெளியுலகம் நம்பிய குட்டி நூல்.

ஜில்வாவில் ஒரு குரல் 'நான்' என்றே பேசுகிறது. தனக்கு முடிவில்லை என்கிறது. தன் சின்னத்தையும் உருவத்தையும் மதிக்கச் சொல்கிறது. சரி, யாருங்க இந்த 'நான்'? நூலின் முன்னுரையே பதில் சொல்லிடுது: மெலக் தாவூஸ், அதாவது மயில் வானவர். சாத்தான்ங்கற பேர் ஜில்வாவில் கிடையாது.

அப்புறம் சாத்தான் எங்கிருந்து வந்தார்? எல்லாம் ஒரு கதையால் வந்த வினை. ஆதாமுக்குத் தலைவணங்க மறுத்த இப்லீஸ் சபிக்கப்பட்டான் என்பது இஸ்லாமிய மரபு. யஸீதிகள் சொல்லும் கதையிலும் மயில் வானவர் வணங்க மறுக்கிறார். ஆனா அது இறைவனைத் தவிர வேறு யாரையும் வணங்கமாட்டேன் என்ற விசுவாசம். அதுக்குப் பரிசா ஏழு வானவர்களுக்கும் தலைவர் ஆகிறார். ரெண்டு கதையையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பி, 'பிசாசை வணங்குறவங்க'ன்னு பக்கத்து ஊர்க்காரங்க பல காலமா சொல்லி வந்தாங்க. ஐரோப்பியப் பயணிகளும் அதையே எழுதி வச்சாங்க.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கு. யஸீதி மதம் வாய்மொழி மதம். 'கவ்வால்' எனப்படும் பாடகர்கள் தலைமுறை தலைமுறையாப் பாடிக் காப்பாத்தியது. ஜில்வாவை 1909ல் ஐசயா ஜோசப் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1916லேயே அல்போன்ஸ் மிங்கானா இது போலின்னு வாதாடினார். உள்ளே உண்மையான நம்பிக்கைகள் கலந்திருந்தாலும், எழுதினது யஸீதிகள் இல்லைங்கறதுதான் இன்னிக்குப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. ஆக, வெளியாட்கள் எழுதிய நூலுக்கு, இன்னொரு வெளியாள் 'ஷைத்தான்'னு தலைப்பு வச்சார். 2000களில் இணையத்தில் வந்த சாத்தானியக் குழுக்களும் அதைத் தங்கள் வேதமா எடுத்துக்கிட்டாங்க.

பேர்ல என்னங்க இருக்குன்னு விட முடியல. 2014 ஆகஸ்ட் 3 அன்னிக்கு ஐ.எஸ். அமைப்பு சிஞ்சார் பகுதிக்குள் புகுந்தது. ஆயிரக்கணக்கான யஸீதிகளைக் கொன்றது. பெண்களை அடிமைகளா விற்றது. 2016ல் ஐ.நா. விசாரணைக் குழு இதை இனப்படுகொலை என்றது. கொன்றவர்கள் லாவேயைப் படிச்சவங்க இல்லை. ஆனா அவங்க சொன்ன காரணமும் அதே பழைய 'பிசாசு வழிபாடு' தான்.

ஒரு நூலில் பேசும் 'நான்' யாருன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, அந்தக் குரலை வணங்குற மக்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவங்க மதத்தில் 'ஷைத்தான்'ங்கற சொல்லை வாயால் சொல்லக்கூட அனுமதி இல்லை.