உடல் நிறைக் குறியீட்டெண்ணும் இடுப்புச் சுற்றளவும்: உடலை அளந்த வரலாறு

உடல் நிறைக் குறியீட்டெண் (பி.எம்.ஐ.) என்பது ஒருவரின் கிலோகிராம் எடையை, மீட்டரில் கணக்கிட்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் எண் ஆகும். 1.60 மீட்டர் உயரமும் 64 கிலோ எடையும் உடையவருக்கு இது 25. உடற்பருமனை மதிப்பிட உலகெங்கும் இவ்வெண் பயன்படுகிறது. ஆயினும் தனிமனிதரின் உடல்நலத்தை அறிவதற்கென்று இது உருவாக்கப்படவில்லை.

தோற்றம்

பெல்ஜியத்தின் கென்ட் நகரில் 1796இல் பிறந்த அடால்ஃப் கெட்லே ஒரு வானியலாளர். கணிதத்திலும் புள்ளியியலிலும் வல்லவர். பல அளவீடுகளின் சராசரியைக் கொண்டு உண்மை அளவை நெருங்கும் வானியல் முறையை அவர் மனிதர்களை ஆராயவும் கையாண்டார். 1835இல் வெளியான நூலில் 'சராசரி மனிதன்' என்னும் கருத்தை விளக்கினார். வளர்ந்தவர்களின் எடை, ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி அமைகிறது என்றும் கண்டறிந்தார். மக்கள்தொகையின் இயல்பை அறிவதே அவர் நோக்கம்; உடற்பருமன் அன்று.

காப்பீட்டு அட்டவணைகள்

20ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் எடைக்கும் இறப்புக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டன. மெட்ரோபாலிட்டன் லைஃப் நிறுவனம் 1942–43இல் உயரத்திற்கேற்ற எடை அட்டவணைகளை வெளியிட்டது. அவை உடல்வாகைச் சிறியது, நடுத்தரம், பெரியது எனப் பிரித்தன. ஆனால் காப்பீடு எடுத்தவர்களின் விவரங்களைக் கொண்டே அவை தயாரிக்கப்பட்டன.

1972இல் அமெரிக்க அறிவியலாளர் ஆன்செல் கீஸும் அவருடைய குழுவினரும் ஐந்து நாடுகளைச் சேர்ந்த சுமார் 7,400 ஆண்களின் அளவுகளை ஒப்பிட்டனர். எடையையும் உயரத்தையும் இணைக்கும் வாய்பாடுகளுள் கெட்லேயின் வாய்பாடே பொருத்தமானது என்று கண்டு, அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினர். அந்த ஆய்வில் பெண்கள் இடம்பெறவில்லை.

கொழுப்பு எங்கே சேர்கிறது?

எடை எவ்வளவு என்பதோடு, கொழுப்பு உடலின் எப்பகுதியில் சேர்கிறது என்பதும் முக்கியம். 1947இல் பிரான்சின் மார்செய் நகர மருத்துவர் ழான் வாக் இதை எடுத்துரைத்தார். உடலின் மேற்பகுதியில் சேரும் கொழுப்பு நீரிழிவு போன்ற நோய்களோடு தொடர்புடையது என்றார். 1984இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் நடுத்தர வயது ஆண்களிடம் செய்த நீண்டகால ஆய்வு வெளியானது. இடுப்புச் சுற்றளவைப் பிட்டச் சுற்றளவால் வகுத்துப் பெறும் விகிதம் மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றோடு தொடர்புடையது என்று அது காட்டியது.

இந்தியர்களின் நிலை

2004இல் 'தி லான்செட்' இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் இங்கிலாந்து மருத்துவர் யுட்கினும் தங்கள் படத்தை வெளியிட்டனர். இருவருக்கும் குறியீட்டெண் 22.3. ஆனால் யுட்கினின் உடற்கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குடையது 21.2 விழுக்காடு. எண் ஒன்றாக இருந்தும் உடல்கள் வேறு என்பதை அப்படம் உணர்த்தியது.

உலக அளவில் 25 முதல் அதிக எடை, 30 முதல் உடற்பருமன் எனக் கொள்ளப்படுகிறது. ஆசிய மக்களுக்கு 23, 27.5 ஆகியவற்றையும் கவனத்திற்குரிய எல்லைகளாகக் கொள்ளலாம் என 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு கூறியது. முற்கூறிய 1.60 மீட்டர் உயரமுள்ளவர் 59 கிலோவிலேயே 23ஐ எட்டிவிடுகிறார். தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எனக் கொள்ளப்படுகிறது.

அளக்கும் முறை

கடைசி விலா எலும்பின் கீழ்விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் நாடாவைத் தரைக்கு இணையாகச் சுற்ற வேண்டும். வயிற்றை உள்ளிழுக்காமல், இயல்பாக மூச்சை வெளிவிட்ட நிலையில் அளவைப் பார்க்க வேண்டும். நாடா தோலை அழுத்தக் கூடாது. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அளந்தால்தான் மாற்றம் புலப்படும்.

உடற்பயிற்சி செய்பவருக்குத் தசை கூடிக் கொழுப்பு குறையலாம். அப்போது எடைக் கருவியின் எண் அசையாமலே இருக்கும். பயனில்லை என்று எண்ணிப் பலர் பயிற்சியைக் கைவிடுவதும் உண்டு. நாடாவோ இடுப்பு குறைவதைக் காட்டிவிடும்.

உடற்பருமனைக் குறியீட்டெண்ணை மட்டும் கொண்டு முடிவு செய்யாமல், இடுப்புச் சுற்றளவு போன்ற வேறோர் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என 2025இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று பரிந்துரைத்தது. கூட்டத்தின் சராசரிக்காகப் பிறந்த வாய்பாட்டுக்குத் துணையாக, ஒவ்வொருவரின் இடுப்பையும் தனித்தனியே அளக்கும் நாடா இன்று மருத்துவத்தில் இடம்பெற்றுள்ளது.